புரியாத கடிதமும் பறிபோகும் உரிமையும்

அரச முத்திரையிட்ட கடித உறையைப் பிரிக்கும்போது கை நடுங்காத அகதி எவருமிலர். சில மாதங்களுக்கு முன் பிரித்தானியாவில் வாழும் நம்மவர் ஒருவர் அத்தகைய கடிதமொன்றுடன் என்னிடம் வந்தார். ஐந்து பக்கங்கள், சட்டப் பிரிவுகள், உபபிரிவுகள், அரைப்பக்கம் நீளும் வாக்கியங்கள். புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட செய்தி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மேன்முறையீட்டுக்கான காலக்கெடு கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. அவர் என்னிடம் வந்தபோது அக்கெடு கடந்து நான்கு நாட்களாகிவிட்டன.

இது அவருடைய ஆங்கில அறிவின் குறை மட்டுமன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரும் இவ்வாறு துன்புற்றவர்களே. லிவர்பூல் நகரத்தவரான கிறிஸ்ஸி மாஹர் தமது பதின்ம வயதின் நடுப்பகுதிவரை வாசிக்க அறியாதவர். அவரே 1979 இல் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கான அரசாங்கப் பத்திரங்களைக் கிழித்தெறிந்து, எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடக்கினார். சுவீடன் 2009 இல் இயற்றிய மொழிச் சட்டம், அரச அலுவலகங்களின் மொழி செம்மையாகவும் எளிமையாகவும் விளங்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. அமெரிக்கா 2010 இல் இதற்கெனவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2023 இல் வெளியான சர்வதேசத் தரநியமம் கேட்பது இவற்றையே: வாசகர் தமக்கு வேண்டியதைக் கண்டெடுக்க முடிகிறதா? அதனை விளங்கிக்கொள்ள முடிகிறதா? அதன்படி செயற்பட முடிகிறதா?

எளிய மொழி, ஆகவே, அதிகாரிகள் இடும் பிச்சையன்று. விளங்காத இடத்தில் விளக்கம் கேட்பதற்கு நாம் வெட்கப்படவேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் குறையுண்டு. நீண்ட வாக்கியமே புலமை என மாணவருக்குக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். இன்று அகதிகளுக்கென வரும் தமிழ்த் துண்டுப்பிரசுரங்களில் அப்புலமையைக் காண்கிறேன். "மேற்படி தீர்மானத்தினால் பாதிப்புற்றதாகக் கருதுமிடத்து உரிய நியாயசபை முன்னிலையில் மேன்முறையீடு சமர்ப்பிக்கப்படலாம்" என்று எழுதுகிறோம். "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நீங்கள் மேன்முறையீடு செய்யலாம். கடைசி நாள் இது" என்று எழுதித் திகதியைக் குறித்தால் போதாதா? யார், எதை, எப்போது செய்யவேண்டும் என்பது முதற் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

கடிதம் வந்த அன்றே மூன்று விடயங்களைத் தேடுங்கள்: முடிவு என்ன? நான் செய்யவேண்டியது என்ன? எந்தத் திகதிக்குள்? அத்திகதியின்கீழ்க் கோடிடுங்கள். அகப்படாவிட்டால் மறுநாள்வரை காத்திராது சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கடித உறையை எறிந்துவிடாதீர்கள். எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு அஞ்சல் முத்திரை சான்றாகலாம்.

என்னிடம் வந்தவருக்காகச் சட்டத்தரணி ஒருவர், தாமதத்தின் காரணத்தை விளக்கி மேன்முறையீடு செய்திருக்கிறார். அதனை ஏற்பதும் மறுப்பதும் இனி நீதிபதியின் கையில். அந்தத் திகதி முதற் பக்கத்தில் இருந்திருந்தால், அவர் இன்று இப்படிக் காத்திருக்க நேர்ந்திராது.