எக்ஸ்ரே எடுப்பவர் மட்டும் ஏன் சுவருக்குப் பின்னால் போகிறார்?

“மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே எடுப்பவர் சட்டென்று மறைவுக்குப் போய்விடுவார். கவனித்திருப்பீர்கள். நமக்கு ஆபத்தில்லாதது அவருக்கு மட்டும் ஆபத்தா?

விடை நம் செல்லுக்குள் இருக்கிறது. அங்கே உள்ள டி.என்.ஏ.வை முறுக்கிய நூலேணியாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் கதிர் சில நேரம் அந்த ஏணியின் கயிற்றையே அறுக்கும். சில நேரம் செல்லில் உள்ள தண்ணீர் மூலக்கூறை உடைக்கும். அந்தத் துண்டுகள் போய்க் கயிற்றை அறுக்கும்.

ஒரு பக்கக் கயிறு அறுந்தால் பெரிதாகக் கவலையில்லை. மறுபக்கத்தைப் பார்த்து செல்லே சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். செல் இறந்துபோகலாம், அல்லது தாறுமாறாக முடிச்சுப் போட்டுக்கொண்டு பிழைத்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறலாம்.

எந்த உறுப்பு முதலில் அடிபடும்? செல்கள் வேகமாகப் பெருகும் இடங்கள்: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடியின் வேர். 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களுமாக 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் வந்தது. முதலில் வாந்தி. பிறகு வெள்ளணுக்கள் சரிந்து, கிருமிகளை எதிர்க்கத் திராணியில்லாத நிலை. சில மாதங்களில் 28 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் மார்பு எக்ஸ்ரே? அதில் நம்மீது படுவது, மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் சில நாட்களில் இயல்பாகவே படும் கதிர்வீச்சின் அளவுதான். ஆனால் அவரோ தினமும் பலருக்கு எக்ஸ்ரே எடுக்கிறார். மறைவு இல்லாவிட்டால் அவருக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

மருத்துவர் சொன்னால் தயங்காமல் எடுங்கள். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.