இரண்டு நிமிடத்துக்குள் வியாழனைப் பிடிக்க வேண்டும்

கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள் இரவில் வன்னியில் எங்கள் மல்லாவி வானத்தைப் பார்த்துவிட்டு, "இந்த இருட்டு எங்களுக்குக் கிடைக்காதே" என்று ஏங்குவார்கள். பால்வீதியைப் படம் எடுப்பவனுக்கு அந்த ஏக்கம் நியாயம்தான். எனக்கு வேண்டியது வியாழன். அதற்கு இருட்டே தேவையில்லை. வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடியில், தெருவிளக்குகளுக்கு நடுவில் நின்றும் அதைப் படம் பிடிக்கலாம். அவ்வளவு பிரகாசமான கோள் அது. வேண்டியது அசையாத காற்று. மல்லாவிக்கு வாய்த்திருக்கும் செல்வமும் அதுதான். இங்கே பலருக்கு அது தெரியாது.

வவுனிக்குளத்துத் துருசடியில் நின்று தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைப் பாருங்கள். கல் நெளியும். உண்மையில் நெளிவது தண்ணீர். நமக்கும் கோளுக்கும் நடுவே இருக்கும் காற்றும் அப்படித்தான் நெளிகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் வேகக் காற்று மிகப் பெரிய எதிரி. ஜெற் ஓட்டம் என்பார்கள். மாரியில் அது வட இந்தியாவுக்கு மேலால் ஓடுகிறது, எங்கள் தலைக்கு மேல் வருவதில்லை. ஆனி தொடக்கம் ஆவணி வரை கிழக்கிலிருந்து இன்னொன்று தென்னிந்தியாவுக்கு மேலால் வரும். கீழே கச்சான் காற்றும் அடிக்கும். அந்த மாதங்களில் தொலைநோக்கிக்குள் வியாழன் கொதிக்கிற கஞ்சிதான். மாரி மழை ஓய்ந்த பிறகு, தையின் கடைசியிலிருந்து சித்திரை வரை, சில இரவுகளில் காற்று அப்படியே நின்றுவிடும். அந்த இரவுகளுக்காகத்தான் முற்றத்தில் கதிரை போட்டிருக்கிறேன்.

இன்னொரு அனுகூலமும் உண்டு. மல்லாவி இருப்பது வட அகலக்கோடு 9 பாகையில். கோள்கள் எங்கள் உச்சந்தலைக்குக் கிட்டவாகவே போகும். மேலே நேராகப் பார்க்கும்போது காற்றின் தடிப்பு மிகக் குறைவு. 2031 ஆனியில் வியாழன் தெற்கே இறங்கிப் போகும்போது லண்டனில் இருப்பவர் அதை அடிவானத்திலிருந்து 16 பாகை உயரத்தில், வீட்டுக் கூரைகளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதே இரவில் இங்கே அது 58 பாகையில் நிற்கும்.

இனி வியாழனுடைய அவசரத்தைச் சொல்ல வேண்டும். பூமியைப் பதினொன்றாக அடுக்கினாலும் அதன் குறுக்களவுக்குப் போதாது. மத்தியில் 142,984 கிலோமீற்றர். அவ்வளவு பெரிய உடம்பு தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் நேரம் 9 மணித்தியாலம் 55 நிமிடம். இந்த வேகத்தில் அதன் இடுப்புப் பிதுங்கி, துருவங்களுக்கு இடையிலான அளவு 9,000 கிலோமீற்றருக்கு மேல் குறைந்துபோய்விட்டது. நல்ல படத்தில் இந்தச் சப்பையான உருவத்தை வெறுங்கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். வாயுக்கோள் என்பதால் எல்லா இடமும் ஒன்றாகச் சுற்றுவதும் இல்லை. மத்திய பட்டி மற்ற இடங்களைவிட ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் முந்திவிடும்.

படம் எடுக்கிறவனுக்கு இதன் அர்த்தம் என்ன? ஒரு நிமிடத்தில் வியாழன் 0.6 பாகை திரும்புகிறது. இரண்டு நிமிடத்தில் அதன் மத்தியில் உள்ள ஒரு முகில் ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் நகர்ந்துவிடும். என்னுடைய 8 அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு நிமிடத்துக்கு மேல் பதிவு செய்தால் முகில்கள் இழுபட்டு மங்கிவிடும். மங்கிய அந்தப் படத்தை அழகாக்க எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது.

என் தொலைநோக்கி டொப்சோனியன் வகை. கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய காசில் வாங்கியது. இந்த வகையை உருவாக்கிய ஜோன் டொப்சன் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கத்து மடத்தில் துறவியாக இருந்தவர். 1967இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, தான் செய்த தொலைநோக்கிகளைத் தெருவோரத்தில் வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். எளிமையான பெட்டி, அதில் ஒரு குழாய், அடியில் கண்ணாடி. மோட்டார் கிடையாது. கையால் தள்ள வேண்டும்.

மோட்டார் இல்லாதவன் இரண்டு சுழற்சிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். வியாழனின் சுழற்சி ஒன்று, பூமியின் சுழற்சி மற்றது. பூமி திரும்பத் திரும்ப வியாழன் கமராவின் சட்டத்துக்குள் ஒரு பக்கத்தால் நுழைந்து அரை நிமிடத்தில் மறுபக்கத்தால் போய்விடும். திரும்பவும் குழாயைத் தள்ளி, அது வருகிற வழியில் காத்திருக்க வேண்டும். நாலு தள்ளில் இரண்டு நிமிட வீடியோ கிடைக்கும். கோள்களுக்கென்று விற்கிற சிறிய யூஎஸ்பி கமராவைக் கண்வில்லை இருக்கும் இடத்தில் செருகி, இடையில் பார்லோ வில்லையைப் போட்டு உருவத்தை இரட்டிப்பாக்கி, வயரை லப்டொப்பில் கொடுத்துவிட்டால் போதும்.

ஏன் வீடியோ என்று பாடசாலைப் பிள்ளைகள் கேட்பார்கள். நெளிகிற காற்று இடையிடையே கண்ணிமைக்கும் நேரம் அசையாமல் நிற்கும். செக்கனுக்கு 60 படம் என்றால் இரண்டு நிமிடத்தில் 7,200 படங்கள். அவற்றில் ஏதோ ஒரு பங்கு அந்த அசையாத கணங்களில் விழுந்திருக்கும். ஓட்டோஸ்டக்கேர்ட் என்ற இலவச மென்பொருள் தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தரும். அடுக்கும்போது இரைச்சல் குறைந்து நுணுக்கம் மேலே வரும். பிறகு ரெஜிஸ்டாக்ஸில் கூராக்குவது. வின்ஜூப்போஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்த பல வீடியோக்களின் படங்களை எடுத்து, கோள் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்து முகமாகத் திருப்பிச் சேர்த்துவிடும். இரண்டு நிமிட வேலியை நேர்மையாகத் தாண்டும் வழி அது ஒன்றுதான். கூராக்கும் பொத்தானை அளவுக்கு மிஞ்சி இழுத்து, இல்லாத கோடுகளை வரவழைத்து முகநூலில் போடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மென்பொருளுக்கு முன்னால் முற்றத்தைச் சரிப்படுத்த வேண்டும். பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்து நிலமும் தகரக் கூரையும் நடுச்சாமம் வரை சூட்டைக் கக்கும். அவற்றுக்கு மேலால் பார்த்தால் படம் நாசம். மண் முற்றம் நல்லது. தொலைநோக்கியை மைம்மலிலேயே வெளியே வைத்து, கண்ணாடி காற்றின் சூட்டுக்கு இறங்கும்வரை பொறுக்க வேண்டும். நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடலாம், ஆனால் காற்று போகிற பக்கமாக.

பக்கத்து வளவு அம்மா படலையில் நின்று, "என்ன மாஸ்ரர், வியாழமாற்றம் பாக்கிறியளோ?" என்று கேட்பார். நான் சிரிப்பதில்லை. வியாழன் சூரியனைச் சுற்ற 12 வருடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுப்பதால் வருடத்துக்கு ஓர் இராசியாக நகர்கிறது. பஞ்சாங்கம் அதைத்தான் சொல்கிறது. அதே காரணத்தால்தான் வியாழன் பூமிக்குக் கிட்ட வந்து இரவு முழுக்கத் தெரியும் காலம் 13 மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் தள்ளி வருகிறது. ஒருநாள், "அப்ப அம்மா, கண்ணை வைச்சுப் பாருங்கோ" என்றேன். வியாழனின் நாலு பெரிய நிலாக்களும் ஒரு கோட்டில் நின்றன. "இவ்வளவு பிள்ளையளோடயோ சுத்திறார்" என்றார்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் செம்புள்ளிதான் பிடிக்கும். வியாழனின் தெற்குப் பாதியில் சுழலும் அந்தப் புயல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 40,000 கிலோமீற்றர் அகலமாக இருந்தது. இன்று அதன் பாதியும் இல்லை. புள்ளி முகத்தின் நடுவுக்கு வரும்போது ஒரு படம், ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு படம். புள்ளி இருக்கும் மட்டத்தில் கோளின் பாதி அகலம் 10 சென்ரிமீற்றர் வரும்படி அச்சிட்டால், இரண்டாவது படத்தில் புள்ளி நடுவிலிருந்து 5.9 சென்ரிமீற்றரில் நிற்கும். சைன் அட்டவணையில் பார்த்தால் 36 பாகை. 360ஐ 36ஆல் வகுத்தால் பத்து மணித்தியாலம். சாதாரண தரக் கணிதத்தோடு ஒரு பிள்ளை கோளின் நாளை அளந்துவிடுகிறது. 1665இல் வானியலாளர் கசீனி, வியாழனின் முகத்தில் இருந்த ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்து கண்டதும் இதே விடைதான், 9 மணித்தியாலம் 56 நிமிடம். தை மாத நீண்ட இரவில் இன்னும் சுலபம். முன்னிரவில் நடுவில் நின்ற செம்புள்ளி விடியப்புறம் திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடும்.

நாங்கள் பார்க்கிற முகம் பழைய முகம் என்பதையும் சொல்லிக் கொடுப்பேன். 2022 செப்ரெம்பர் 26இல் வியாழன் 59 கோடி கிலோமீற்றரில் நின்றது. 1963க்குப் பிறகு அவ்வளவு கிட்ட வந்ததில்லை. அப்போதும் அதன் ஒளி இங்கே வர 33 நிமிடம் எடுத்தது. அதற்குள் அங்கே செம்புள்ளி 20 பாகை நகர்ந்துவிட்டது.

நேரத்தைப் பற்றி ஒரு கதை. 1996இல் அரசு கடிகாரத்தை முன்தள்ளியது. போருக்குள் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வன்னியிலிருந்து தெற்கே ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் கூடிவிடும். 2006 ஏப்ரலில்தான் நாடு திரும்பவும் பழைய நேரத்துக்கு வந்தது. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வானியலில் எல்லோரும் ஏன் ஒரே உலக நேரத்தை எழுதுகிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் உலக நேரம்.

1994 ஆடியில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி துண்டு துண்டாக உடைந்து வியாழனில் விழுந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பொடியன். வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டோம். துண்டுகள் விழுந்தது பூமிக்குத் தெரியும் ஓரத்துக்குச் சற்று அப்பால். வியாழன் அவ்வளவு வேகமாகத் திரும்பியதால் சில நிமிடங்களிலேயே அந்தக் கருந்தழும்புகள் பார்வைக்கு வந்தன. சிறிய தொலைநோக்கியிலேயே தெரிந்தவை. எங்களிடம் அந்தச் சிறியதும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வியாழனில் நடந்த பெரிய சங்கதிகள் பலவற்றை முதலில் கண்டவர்கள் முற்றத்துக்காரர்கள். 2006 பெப்ரவரியில் வியாழனில் இன்னொரு புயல் சிவப்பாக மாறியதைக் கவனித்தவர் பிலிப்பைன்ஸின் செபு நகரத்து கிறிஸ்ரோபர் கோ. தளபாடத் தொழில் செய்பவர். அவர் கையில் இருந்தது 11 அங்குலத் தொலைநோக்கி. செபு இருப்பது வட அகலக்கோடு 10 பாகையில், எங்களைவிட ஒரு பாகைதான் வடக்கே. 2009 ஜூலை 19இல் புதிய மோதல் தழும்பைக் கண்டவர் அவுஸ்திரேலியாவின் அன்ரனி வெஸ்லி, கணினி நிரல் எழுதுபவர். 2010 ஜூன் 3இல் ஒரு மோதலின் மின்னலை இவர்கள் இருவருமே வீடியோவில் பிடித்தார்கள். 2020 மே 31இல் தென்னாபிரிக்காவின் கிளைட் பொஸ்ரர் ஒரு புதிய முகில் கிளம்புவதைப் பதிவு செய்தார். இரண்டு நாளில் நாசாவின் ஜூனோ விண்கலம் அந்த இடத்துக்குக் கிட்டவாகப் பறந்து படம் அனுப்பியது. விண்கலம் வருவதும் போவதுமாக இருக்கும். இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருக்க அதனால் முடியாது.

பத்து மணித்தியாலத்தில் சுற்றும் ஒரு கோளை விடாமல் பார்க்க வேண்டுமானால், 24 மணித்தியாலத்தில் சுற்றும் பூமியின் எல்லாப் பக்கமும் ஆட்கள் வேண்டும். யப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் அவுஸ்திரேலியாவிலும் வியாழன் மேற்கே சரியத் தொடங்கிய பிறகு ஐரோப்பாவிலும் தென்னாபிரிக்காவிலும் அது நன்றாக உயரும்வரை நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அது உச்சிக்குக் கிட்ட நிற்பது எங்களுக்குத்தான். 80 பாகைக் கிழக்கு நெடுங்கோடு மல்லாவிக்குக் கிட்டவாகப் போகிறது.

எங்களுக்கு இது புதிய வேலையும் அல்ல. காரைநகரில் பிறந்த அலன் ஆபிரகாம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டே 1910இல் வந்த ஹேலி வால்வெள்ளியைக் கணித்து ஆராய்ந்தவர். தமிழ்நாட்டுக் காவலூரில் 1972இல் ஒரு மீற்றர் தொலைநோக்கி வந்த கையோடு, வியாழனின் நிலாவான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அவதானித்து, அந்த நிலாவில் மெல்லிய வளிமண்டலத்தின் தடயத்தைக் கண்டார்கள். மொறட்டுவையில் ஆதர் சி. கிளாக் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி நிற்கிறது.

அடுத்து வியாழன் கிட்ட வரும் காலங்கள் 2027 பெப்ரவரி, 2028 மார்ச், 2029 ஏப்ரல். மூன்றும் வன்னியில் மாரி மழை ஓய்ந்த, காற்று அடங்கிய மாதங்கள். மூன்றிலும் நடுச்சாமத்தில் அது எங்கள் உச்சிக்குக் கிட்ட நிற்கும். ஆய்வுகூட அலுமாரிகளில் தொலைநோக்கியைப் பூட்டி வைத்திருக்கும் அதிபர்மாரே, திறப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்ற ஒரு சட்டம் போதும். கண்வில்லையில் கைத்தொலைபேசியைப் பிடித்தாலே வியாழனின் இரண்டு முகில் பட்டிகளும் நாலு நிலாக்களும் விழும். கமரா கிடைத்தவர்கள் படங்களைப் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் பிவிஓஎல் தொகுப்புக்கு அனுப்பலாம், எந்த நாட்டு அமெச்சூரின் படத்தையும் அங்கே சேர்ப்பார்கள். உலக நேரத்தை நிமிடம்வரை குறித்து அனுப்புங்கள். நேரம் குறிக்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது.