மணல் குழியும் மர ஸ்டாண்டும்

நடக்கப் பிந்திய பிள்ளைக்கு எங்கள் பக்கத்து ஆச்சிமார் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். முற்றத்தில் குழி தோண்டி, பிள்ளையை இடுப்பளவு இறக்கி, சுற்றிலும் மணலைத் தள்ளி நிறுத்துவார்கள். அழுதால் வாயில் ஒரு துண்டு கருப்பட்டி. குழியின் ஆழமும் நிற்கிற நேரமும் ஆச்சியின் கண்ணளவுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் டானிக் எழுதித் தருவார்கள்.

முதுகுத்தண்டு முறிந்தவர் பாடு இதைவிட மோசம். கட்டிலில் கிடத்திவிட்டு வீடே காத்திருக்கும். பலரைக் கொண்டுபோனது முறிவு அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பெரிய வித்தையா என்ன? சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணனுக்கு அந்த ஆள் கிடைத்தார். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தவர், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையளித்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெயரிலுள்ள 'அமர்' அந்த டாக்டர்தான். வாத்தியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; இவர் ஒரு சங்கத்துக்கே வைத்தார். பின்னால் வந்து சேர்ந்துகொண்ட ஆடிட்டர் சங்கரராமனும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது எப்படி என்பதை நின்றுகொண்டு சொல்பவர் வேறு, உட்கார்ந்தபடி சொல்பவர் வேறு. கேட்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இன்று அந்தப் படிப்பு பஸ் ஏறி வீட்டுக்கே வருகிறது. சங்கத்தின் களப்பணியாளர்கள் வளர்ச்சி பிந்திய குழந்தைகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். குழந்தைக்குத் தலை நிற்கிறதா, கை நீட்டுகிறதா என்று செயலியில் பதிந்தால், தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து வழி சொல்கிறார். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபிஸ்ட் வாசலுக்கே வருகிறார். வருகிறவர் இருப்பது கொஞ்ச நேரம். மீதி நாளெல்லாம் பிள்ளையோடு இருப்பவள் அம்மா. ஆகவே உண்மையான மாணவி அவள்தான். உணவு ஊட்டும்போது எப்படி உட்காரவைப்பது, விறைத்த காலை எவ்வளவு மெதுவாக நீட்டுவது என்பதெல்லாம் அவள் கைக்குப் பழகினால்தான் உண்டு. என் குறை ஒன்றே ஒன்று: எந்தத் திட்டமானாலும், பதிவு செய்கிற அவசரத்தில் வருகிறவரின் கண் குழந்தையைவிடத் திரையில் அதிகம் நின்றுவிடக் கூடாது.

போன மாதம் ஒரு வீட்டில் பார்த்தேன். நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டை கட்டிய மர ஸ்டாண்டில் அந்த வீட்டு ஆச்சியின் பேரன் நின்றுகொண்டிருந்தான். எதிரே பலகையில் பொம்மை. பாதம் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று மருமகள் குனிந்து பார்த்தாள்.

"இதத்தானே நாங்க மண்ணுல குழி தோண்டிச் செஞ்சோம்" என்றாள் ஆச்சி.

"குழிக்குள்ள பாதம் எப்படி இருந்துச்சுன்னு பாத்தீங்களா, அத்தே?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. மெல்லக் குனிந்து, பேரனின் இடது குதிகாலுக்கும் பலகைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள்.