வீட்டுக்குள் மின்சாரம் – 11: அந்தப் பத்து நிமிஷம்

“தம்பி, யூ.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் பட்டுனு அணைஞ்சு போச்சு” என்று எதிர்வீட்டு அக்கா வந்து நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை செய்கிறவர். ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஒன்றுக்குக் காலையிலிருந்து உட்கார்ந்து அடித்த உறவினர் பெயர்கள் அத்தனையும் போய்விட்டன.

பெட்டியைக் கவிழ்த்து, நான்கு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே செங்கல்லைவிடச் சிறிய பேட்டரி. பக்கச் சுவர்கள் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. சிவப்பு ஒயர் மாட்டும் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாங்கி நான்கு வருஷமாம். இந்த ரகம் நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று வருஷம் உழைத்தாலே பெரிது. அக்கா புதுப் பெட்டி வாங்கவே பணம் எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று போதும். புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ‘600 வி.ஏ.வா, 1000 வி.ஏ.வா’ என்றுதான். அட்டைப்பெட்டியில் அதன் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும் வாட் கணக்கைப் பாருங்கள். 600 வி.ஏ. பெட்டி பெரும்பாலும் 360 வாட், சிலவற்றில் அதற்கும் கீழே. சாதாரண டெஸ்க்டாப்பும் எல்.இ.டி. மானிட்டரும் சேர்ந்து 100, 120 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

வி.ஏ. கூடினால் தாங்கும் சுமை கூடும். தாங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரி. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-ஹவர். வேகமாக இழுக்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே கைக்கு வரும், மிச்சம் வீண். ஆக, 120 வாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். ஃபைலை சேமித்து, முறையாக அணைக்க அது தாராளம். கரண்ட் வரும்வரை வேலை ஓடவேண்டும் என்றால் இந்தப் பெட்டியிடம் எதிர்பார்க்கக் கூடாது; அது இன்வெர்ட்டர் வேலை.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதா? அப்படியானால் தனி யூ.பி.எஸ். தேவைப்படாமலே போகலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ‘யூ.பி.எஸ். மோடு’ என்று சின்ன சுவிட்ச் இருக்கிறது; எத்தனையோ வீடுகளில் அதை யாரும் தொட்டதே இல்லை. கரண்ட் போன பிறகு கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துச் சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். இந்த மோடில் இன்வெர்ட்டர் சுமார் 10 மில்லி செகண்டில் மாறிவிடும். சாதாரண மோடில் தாமதம் அதிகம், அதனால்தான் மின்விசிறி நிற்காமல் சுற்றும்போதே கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

டிரான்ஸ்பார்மருக்குக் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். சாயங்காலம் 230 வோல்ட் 170-க்கு இறங்கும். மலிவான ‘ஆஃப்லைன்’ ரகம் ஒவ்வொரு முறையும் பேட்டரிக்குத் தாவும். ஒரே வருஷத்தில் பேட்டரி செத்துப்போகும். ‘லைன் இன்டராக்டிவ்’ ரகத்தில் ஏ.வி.ஆர். இருப்பதால் பேட்டரியைத் தொடாமலே வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும். உள்ளே டக், டக் என்று ரிலே விழுகிற சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இதையே வாங்குங்கள். விலை உயர்ந்த, ஆக்டிவ் பி.எஃப்.சி. பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் மட்டும் ‘ப்யூர் சைன் வேவ்’ என்று கேட்டு வாங்குவது நல்லது.

அக்கா வீட்டில் இன்னொரு தவறும் இருந்தது. லேசர் பிரிண்டரின் பிளக்கும் யூ.பி.எஸ். பின்னால் செருகியிருந்தது. சூடேறும்போது அது ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும். சின்னப் பெட்டி தாங்காது. அதைச் சுவர் பிளக்குக்கு மாற்றினேன்.

உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடவில்லை. உள்ளே ஈயமும் அமிலமும். புதுசு வாங்கிய கடையிலேயே கொடுத்ததற்கு விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, காலையில் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். பதின்மூன்று நிமிஷம் நின்றது. அக்கா மார்க்கர் பேனாவால் பெட்டியின் பக்கவாட்டில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதி வைத்தார்.