சென்னைக் கடற்கரைப் பேட்டைகளின் தெருப்பெயர்கள்

ஊர்ப்பெயர்கள் வரலாற்றை உணர்த்தும் சான்றுகளாம் என்னும் உண்மையைத் தமிழுலகிற்கு விரிவாக விளக்கிய நூல், பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட 'தமிழகம் – ஊரும் பேரும்' என்பதாகும். ஊர்ப்பெயரில் தொடங்கிய அவ்வாய்வு தெருப்பெயர்க்கும் விரிதல் வேண்டும். அதற்கு மிகவும் ஏற்ற களம், சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள ஜார்ஜ் டவுன் பகுதி என எண்ணுகின்றோம். பல இடங்களில் கட்டடங்கள் நின்று பழமையைப் பேசும். இப்பகுதியிலோ ஊர் பெயர்ந்தது, கோயில் பெயர்ந்தது, மதில் மறைந்தது, கடலும் விலகிற்று. நிலைத்து நின்றவற்றுள் தலையாயவை பெயர்களே. அவற்றைக் கல்வெட்டினைப் படிப்பதுபோற் படித்தல் கூடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. பட்டினமும் பேட்டையும்

1639-ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் இக்கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பினர். நாயக்கரின் தந்தையார் சென்னப்பர் பெயரால் சென்னபட்டினம் எனும் பெயர் அமைந்தது என்பது பலரும் உடன்படும் கருத்து. கோட்டையின் வட மதிலை ஒட்டி நெசவாளரும் வணிகரும் குடியேறிய ஊரை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என எழுதிவைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்பது வழங்கலாயிற்று. இவ்விரண்டும் வெளியிலிருந்து இட்ட பெயர்கள்.

உள்ளிருந்து தோன்றிய பெயர்கள் வேறு. கடலை ஒட்டிய கீழைப் பகுதி முத்தியால்பேட்டை. அதன் மேற்கே அமைந்தது பெத்தநாயக்கன்பேட்டை. பேட்டை என்பது கோட்டைக்கோ நகருக்கோ புறத்தே வாணிகம் பற்றி எழுந்த குடியிருப்பைக் குறிக்கும் சொல். 'முத்தியாலு' என்பது தெலுங்கில் முத்துகளைக் குறிக்கும். 'பெத்த' என்பது அம்மொழியில் பெரிய எனப் பொருள்படும். நகர்காவலை ஏற்றிருந்த தலைவனே பெத்த நாயக்கன் எனப்பட்டான். எனவே, ஒரு பெயர் வாணிகத்தையும் மற்றொன்று காவலையும் சுட்டுவனவாகக் கொள்ளலாம். இவ்விரு பெயரும் தெலுங்கு அடியினவாய்த் தமிழர் நாவில் வழங்குதல், அக்காலச் சென்னை இருமொழி நகராய் விளங்கியதற்குத் தக்க சான்றாகும்.

சிலப்பதிகாரம் கற்றார்க்குப் புகார் நகரின் அமைப்பு ஈண்டு நினைவிற்கு வரும். கடலருகே மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இடையே நாளங்காடி என்பது அந்நகர். சென்னையிலும் கடலருகே ஒரு பேட்டையும் உள்ளே ஒரு பேட்டையும் இருந்தன. இடையே ஆட்டப்பள்ளம் எனும் தாழ்நிலம் கிடந்தது. இவ்வொப்புமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியதென்று கூறுதல் பொருந்தாது. ஏற்றுமதி இறக்குமதித் தொழில் கடலருகே குடியமர்தலும், தொழில்வழித் தெருக்கள் பிரிதலும் துறைமுக நகரங்களுக்கு இயல்பு என்ற அளவிலேயே இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

2. பெயர்ந்த ஊர்

இற்றைநாள் ஜார்ஜ் டவுன் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில் இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருப்பின் பகைவர் அவற்றுள் மறைந்து தாக்குவர் என்பதனை அப்போர் உணர்த்திற்று. அதனால் மதிலையடுத்த பழைய ஊர் படிப்படியாக இடிக்கப்பட்டு வெளிநிலமாக்கப்பட்டது. 1758–59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இட்ட முற்றுகைக்குப் பின்னர் இக்கொள்கை மேலும் உறுதியாயிற்று. வெளிநிலத்தின் எல்லையைக் காட்ட 1773-இல் கற்றூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கின்றது. பழைய ஊர் இருந்த நிலத்திலேயே 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது.

பழைய ஊரில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயில் 1757-இல் இடிக்கப்பட்டது. பின்னர்ப் புதிய இடத்தில் சென்னகேசவர்க்கும் சென்னமல்லீசுவரர்க்கும் அருகருகே கோயில்கள் எழுந்தன. அவற்றை எடுப்பித்தலில் மணலி முத்துக்கிருட்டிண முதலியார் முன்னின்றார். மக்கள் அதனைப் 'பட்டணம் கோயில்' என வழங்குவர். பட்டினம் இருந்த இடத்தை விட்டுக் கோயில் பெயர்ந்தபோது, பட்டினத்தின் பெயர் கோயிலோடு சென்றது. தம்பு செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாளும் கோட்டைப் பகுதியினின்று பெயர்ந்து வந்தவள் என்பது வழக்கு. இடம்விட்டு நீங்கிய மக்கள் நினைவைத் தெய்வத்தின்மேல் ஏற்றிக் காத்தனர் எனலாம்.

தெரு என்பது அக்கால மக்களுக்கு வெறும் வழி அன்று, உரிமையின் எல்லை. எத்தெருவில் எவர் ஊர்வலம் செல்லலாம், எவர் குடியிருக்கலாம் என்பது பற்றி வலங்கை இடங்கைப் பிரிவினரிடையே கடும்பூசல்கள் நிகழ்ந்தன. 1707-இல் மூண்ட பூசலைத் தீர்க்க ஆளுநர் தாமஸ் பிட், தெருக்களை இரு பிரிவினர்க்கும் வரையறுத்துக் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. ஆகவே, தெருப்பெயர் ஒன்றைக் காணுங்கால் அதன்பின் நின்ற மக்கட் பிரிவையும் நோக்குதல் ஆய்வாளர் கடமையாகும்.

3. மூவகைப் பெயர்கள்

இப்பகுதியின் தெருப்பெயர்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, தொழிலையும் ஆளையும் நேரே சுட்டுவன. பவழக்காரத் தெரு பவழ வாணிகத்தால் பெயர் பெற்றது. நடுநிலக் கடற்பவழத்தைக் கொணர்ந்து வைரம் கொண்டுசென்ற யூத வணிகர் இவ்வாணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். தம்பு செட்டி, லிங்கி செட்டி ஆகியோர் கும்பினியோடு தொடர்புற்ற வணிகர். தங்கசாலை என்பது நாணயச் சாலையால் அமைந்த பெயர். நாணயச் சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒழிந்து, அவ்விடம் அரசு அச்சகத்திற்கு உரியதாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. ஏழுகிணறு, 1772-இல் கோட்டைக்கு நீர் கொடுக்க அமைந்த கிணறுகளை நினைவூட்டும். கொத்தவால் சாவடியில் நிகழ்ந்த காய்கறி மொத்த வாணிகம் 1996-இல் கோயம்பேட்டிற்குச் சென்றது. சாவடியின் பெயர் நிலைத்தது.

இரண்டாம் வகை, பொருள் மறைந்து ஒலி மட்டும் எஞ்சியவை. ஐதரலியின் படையெடுப்பிற்கு அஞ்சி, 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினர். அச்செலவை ஈடுசெய்ய மக்கள்மேல் வரி விதிக்கக் கருதினர். அது தண்டப்படவே இல்லை. ஆயினும், மதில்வரி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் 'வால்டாக்ஸ் ரோடு' என்பதாகத் தமிழில் நிலைபெற்றது. நடைமுறைக்கு வாராத வரியொன்று பெயரளவில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றது. ஆட்டப்பள்ளத்தைத் தூர்த்து ஸ்டீபன் போப்பம் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த 'பிராட்வே'யும் இவ்வகையினதே; அது பின்னர்ப் பிரகாசம் சாலை எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மூன்றாம் வகை, அயற்சொல்லைத் தமிழ்ச்சொல்லாக மயங்கி அமைத்துக்கொண்டவை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அரண்மனைக்காரத் தெரு. ஆங்கு அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியரின் தேவாலயமே உண்டு. 1772-இல் எழுந்தது அது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் சென்னையிலேயே அச்சாயிற்று. ஆர்மீனியன் எனும் ஒலி தமிழ்ச் செவிக்கு அரண்மனைக்காரன் எனப் பட்டது. செல்வமிக்க வணிகராய் அவர் விளங்கியமை இம்மயக்கத்திற்குத் துணைசெய்திருத்தல் கூடும். பெயரை மட்டும் கொண்டு ஆராய்பவர் இல்லாத அரண்மனையைத் தேடி அலைவர். வரலாற்றோடு சேர்த்து ஆராய்பவரே உண்மையை எய்துவர்.

4. விலகிய கடல்

நெடுங்காலம் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. ஆணியடித்த படகு உடையும் அலையில், தைத்த படகு வளைந்துகொடுத்துப் பிழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டுப் புயலில் அது சிதைவுற்று மீண்டும் கட்டப்பெற்றது. துறைமுகச் சுவர்கள் மணலின் வடதிசை ஓட்டத்தைத் தடுத்தமையால் தெற்கே மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிப்புண்டது. பேட்டைகளின் முன்னே இருந்த கடற்கரையோ துறைமுகத்தினுள் அடங்கிற்று.

இற்றைக்கு இராஜாஜி சாலை எனப்படுவது முன்னாளில் கடற்கரை முதல் வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கிற்று. அலை வந்து மோதிய கரையின் ஓரமாய் வணிகர் மாளிகைகள் நின்ற நிலையை அப்பெயர் காட்டும். ஆங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் சென்னைக் கடற்கரை என்றே வழங்குகின்றது. அதன் வாயிலில் நிற்பார்க்குக் கடற்கரை இல்லை. பழைய கரை எவ்விடத்தது என்று வினவுவார்க்கு அப்பெயரே விடை.

5. தமிழாய்வாளர்க்கு உரிய பணி

இப்பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றோடும் பிணைந்தவை. இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, கந்தகோட்டத்து முருகன்மீது தெய்வமணிமாலை பாடினார். ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் தங்கசாலைத் தெருவில் இயங்கிற்று. மலிவு விலைச் சிறுநூல்களைக் குறிக்கும் 'குஜிலிப் பதிப்பு' எனும் வழக்கு இவ்வட்டாரத்து மாலைநேரக் கடைத்தெருவினின்று பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்பேடுகளில் அச்சகத் தெருப்பெயர் ஆண்டோடு காணப்பெறும். அவற்றைத் தொகுத்தால், ஒரு பெயர் எவ்வாண்டில் எவ்வடிவில் வழங்கியது என்பதை ஐயமின்றி அறியலாம். இதுகாறும் நூலை மட்டும் நோக்கிய நாம், நூலின் முகப்பேட்டையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று. சாதிப் பட்டங்களைத் தெருப்பெயரினின்று நீக்கும் முயற்சி 1970-களின் இறுதி முதல் தமிழகத்தில் நிகழ்ந்துவருகின்றது. அம்முயற்சி அறத்தின்பாற்பட்டது, தெருப்பலகை இன்று வாழ்வார்க்கு உரியது, எவரையும் தாழ்த்தும் குறி அதில் இருத்தல் ஆகாது. ஆயினும், பலகையினின்று நீங்குவது பதிவினின்றும் நீங்குதல் தகாது. லிங்கி செட்டி, தம்பு செட்டி என்பாரின் பட்டம் அழிந்தபின், அத்தெருக்களில் எவர் வாணிகம் செய்தனர் என்பதை வருங்கால மாணவர் எங்ஙனம் அறிவர்? பலகை மாறுக, பழம்பெயர் ஆண்டோடும் வடிவோடும் அட்டவணையில் ஏறுக. கடலும் மதிலும் கோயிலும் இடம் மாறிய ஓர் ஊரில், இருந்த இடத்தைச் சொல்ல எஞ்சியிருப்பவை இப்பெயர்களே. அவற்றைப் பதிந்து காத்தல் தமிழ் கற்றார் கடன்.