தங்க அரோவனாவின் விலை

பினாங்கின் மீன் வளர்ப்பவர்கள் பலர் ஆசைப்படும் தங்க அரோவனாவை மலாயில் ‘கெலிசா’ என்பார்கள். அதன் பேர்பெற்ற பிறப்பிடம் பக்கத்து மாநிலமான பேராக்கின் புக்கிட் மேரா ஏரி. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இந்த மீன் 1975 முதல் இருக்கிறது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தப்பட்டு, சான்றிதழோடு வருவதை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம்.

விலை உயரக் காரணம் அதன் இயல்பிலேயே உள்ளது. முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் ஆகும். ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். ஒரு தடவையில் சில பத்துக் குஞ்சுகளே கிடைக்கும். டிராகன் போன்ற தோற்றம் செல்வத்தைக் கொண்டுவரும் என்ற சீனர்களின் நம்பிக்கை தேவையைப் பெருக்கியது. லாபத்தைக் கண்டு பண்ணைகள் பெருகவே, சாதாரண ரகங்களின் விலை சரிந்தது. உயர்ரகம் மட்டும் மதிப்பிழக்கவில்லை.

வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் நிறத்தில்தான். விரலளவுக் குஞ்சில் பொன்னிறம் தெரியாது. செதில்களின் பளபளப்பு முதுகைக் கடந்து மறுபக்கம் சேர ஆண்டுகள் பிடிக்கும். சிலவற்றில் சேராமலே போகும். வளர்ந்த மீனின் படத்தைக் காட்டிக் குஞ்சை விற்பது நியாயமில்லை. தாய் தந்தை மீன்களைக் கேட்டுப் பார்ப்பதும், சிப் எண் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதும் வாங்குபவரின் உரிமை. இரண்டடிக்கு மேல் வளரும் மீனுக்குப் பெரிய தொட்டியும், அது துள்ளிக் குதிக்காமலிருக்க கனமான மூடியும் வேண்டும். இந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.