சுவர் குடிக்கும் மழை



சில வருடங்களுக்கு முன் ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு எடுத்தது 1960களில் கட்டிய ஒரு சீமெந்துக்கல் வீடு. கல்வீடு கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. இரண்டாவது குளிர்காலத்தில் அலுமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுவதும் கறுத்த பூஞ்சணம். அந்த அறையில் படுத்த சின்னவளுக்கு இரவெல்லாம் இழுப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னால் எழும்பச் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆகவே நானே தடித்த நீர்காப்புப் பெயின்ற் வாங்கி உட்பக்கம் இரண்டு முறை பூசினேன். நான்கு மாதத்தில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. நான் விட்ட பிழையை நீங்களும் விடக்கூடாது என்பதற்காகவே இந்தப் பேச்சு.

யாழ்ப்பாணத்திலும் ஓக்லண்டிலும் ஆண்டு மழை ஏறத்தாழ ஒரே அளவுதான்: 1,100 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை. ஆனால் ஊரில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வெயில் சுவரைக் காயவைத்துவிடும். தாழ்வாரமும் விறாந்தையும் சாரலை மறித்துக்கொள்ளும். இங்கே மழை ஆண்டு முழுவதும் பரந்து பெய்கிறது. தென்மேற்குக் காற்று மனுகாவ் குடாவிலிருந்து சாரலைச் சுவரிலேயே கொண்டுவந்து அடிக்கிறது. இந்த நாட்டில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே விழும். ஆகவே தெற்குச் சுவர் நனையும், ஆனால் லேசில் காயாது. எங்கள் அலுமாரி நின்றதும் தெற்குச் சுவரோடுதான்.

நியூசிலாந்தின் பெரும்பாலான செங்கல் வீடுகளில் செங்கல் வெறும் வெளித்தோல். அதற்குப் பின்னால் ஓர் இடைவெளி, அதற்குப் பின்னால் மரச்சட்டம். செங்கல்லைத் தாண்டும் நீர் அந்த இடைவெளியில் வழிந்து, அடியிலுள்ள துவாரங்களால் வெளியேறிவிடும். சீமெந்துக்கல் சுவரில் வெளிமுகமும் உள்முகமும் ஒரே கல்தான். கல்லின் நடுவே பொந்து இருந்தாலும், குறுக்குத் தடுப்புகளும் சாந்தும் ஈரத்தை உள்ளே கடத்திவிடும்.

இங்குள்ள கட்டடத்துறையினர் மழைக்கு எதிராக நான்கு காவல் சொல்வார்கள்: நீரை விலக்குதல், வடியவிடுதல், உலரவிடுதல், ஈரம் தாங்கும் பொருளால் கட்டுதல். இடைவெளி இல்லாத சுவரில் இரண்டாவது காவல் இல்லை. மற்ற மூன்றும் நன்றாக நடக்கவேண்டும். 1990களில் மரச்சட்டத்தின்மேல் இடைவெளி விடாமல் பூச்சுத் தகடுகளை அறைந்து கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ளே உக்கிப்போனது, 2002இல் ஹன் அறிக்கை வந்தபோது நாடறிந்த செய்தியானது. வெளித்தோலை மட்டும் நம்பியதன் விளைவு அது. நல்லகாலம், கல் மரத்தைப்போல உக்காது. ஆனால் ஈரத்தை உள்ளே விடும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுரப் பொலித்தீன் தாளை உட்சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால், அது எங்கள் மூச்சும் சமையல் ஆவியும். யன்னலைத் திறவுங்கள், அறையைச் சூடாக்குங்கள். சுவர்ப்பக்கம் நனைந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அதற்கு வைத்தியம் வெளியே.

கூரைப் பீலி அடைத்து வழிகிறதா? யன்னலின் கீழ்ப்படி வெளிநோக்கிச் சரிந்து, அதன் அடியில் நீர் அறுந்து சொட்டுவதற்கான பள்ளம் திறந்திருக்கிறதா? பூப்பாத்தி மண் சுவரில் ஏறி நிற்கிறதா? கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் மயிரிழை வெடிப்பு உண்டா? பெரும்பாலும் மழை நுழைவது கல்லால் அல்ல, வெடிப்பாலும் யன்னல் ஓரத்தாலும்தான். இவற்றை அடைத்துத் திருத்தியபின், பெப்ரவரி, மார்ச்சில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது வெளியே பூசவேண்டும். மழையைத் தடுத்தாலும் உள்ளிருக்கும் ஆவியை வெளியேறவிடும் பூச்சாக அது இருக்கவேண்டும். நான் உட்பக்கத்தில் பூசியதால் மழை நிற்கவில்லை. சுவர் உள்ளே காயும் வழிதான் அடைபட்டது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவராக இருந்தால், சீமெந்தால் இடுக்குகளை நிரப்பவேண்டாம். சீமெந்து ஈரத்தைச் சாந்தால் வெளியேறவிடாது. செங்கல்லின் முகம் உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பொருத்தம்.

வாடகைக்கு இருப்பவர்களே, வெளிச்சுவரும் பீலியும் உங்கள் செலவல்ல. வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1986ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. கூரைநீர் ஒழுங்காக வடியவேண்டும் என்பது ஆரோக்கிய வீட்டு நியமங்களில் ஒன்று. 2025 ஜூலை 1 முதல் எல்லா வாடகை வீடுகளுக்கும் அந்த நியமங்கள் பொருந்தும். படம் எடுத்து எழுத்தில் அறிவியுங்கள். திருத்துவதற்கு 14 நாள் அறிவித்தல் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. முறையிட்டதற்குப் பழிவாங்க எழும்பச் சொல்வது சட்டவிரோதம்.

கடைசியில் நானும் கடிதம் எழுதினேன். மார்ச்சில் ஆள் வந்து பீலியைத் துப்புரவாக்கி, வெடிப்பை அடைத்து, வெளியே பூசினார். அடுத்த குளிர்காலம் சுவர் காய்ந்தே இருந்தது. சின்னவளுக்கு இழுப்பு முற்றாகப் போகவில்லை. ஆனால் இரவில் எழும்பி உட்காருவது குறைந்தது.

இந்த வார இறுதியில் அலுமாரியை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.